நாலேகால் மில்லிமீட்டர் புகழ்

வாசகர்களே, புது இனம் எழுதுகிறவர் என்று ஓர் இனம் இருக்கிறது. ஒரு பூச்சியைப் பிடித்து, அதைப் பற்றி இதற்கு முன் உலகத்தில் யாரும் எழுதவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, அதன் காலில் எத்தனை முள், தலையில் எத்தனை குழி, முதுகில் எத்தனை புள்ளி வரிசை என்று எண்ணி எழுதி, லத்தீனில் ஒரு பெயரும் வைத்து, ஓர் இதழில் அச்சேற்றுகிறவர் அவர். அச்சேறிய அந்தக் கட்டுரையை உலகம் முழுவதிலும் ஏழு பேர் படிப்பார்கள். அதில் நாலு பேர் தப்புக் கண்டுபிடிப்பதற்காகவே படிப்பார்கள். மீதி மூன்று பேர்? தாங்கள் எழுதியிருக்க வேண்டியது போய்விட்டதே என்ற வயிற்றெரிச்சலில் படிப்பார்கள்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது எளிது. சட்டைக் காலரின் உட்பக்கம் நாலைந்து மெல்லிய ஊசிகள் குத்தியிருக்கும். பையில் பேனாவுக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு சின்னப் புட்டி. கல்யாணத்துக்குப் போனால் மணமக்களைப் பார்க்க மாட்டார். மேடையில் வைத்த பூங்கொத்தைக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பார். சந்தைக்குப் போனால் எல்லாரும் ஓட்டையில்லாத கீரையைத் தேட, இவர் ஓட்டை விழுந்த கீரையைத் தேடிப் பொறுக்குவார். அதைத் தின்றது யார் என்று தெரிய வேண்டுமே! எந்தப் பொருளைக் காட்டிக் கேட்டாலும் ‘இது இன்னது’ என்று சொல்லிவிட மாட்டார். ‘இன்னதைப் போன்றது’ என்பார். குழம்பில் உப்புச் சரியா என்று மனைவி கேட்டால், அதற்கும் பதில் உண்டு.

“போன வாரக் குழம்பு மிச்சம் இருக்கா? பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்.”

மாதிரிக்கு ஒருவர் போதும். அவர்களுடைய வழக்கமும் அதுதான்: ஒன்றை ஊசியில் குத்தி வைத்துவிட்டால் மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். நம்முடைய மாதிரியின் பெயர் சப்லோன் ம்வாடிமே. இருப்பிடம் நைரோபி. ஓர் அருங்காட்சியகத்தில், பூச்சிப் பிரிவில், இருபத்தொன்பது ஆண்டு வேலை. சேர்ந்தபோது அவருக்குக் கொடுத்த வேலை, பெட்டிகளில் பாச்சை உருண்டை மாற்றுவது. நாலாயிரம் பெட்டிகள். கடைசிப் பெட்டிக்கு உருண்டை வைத்து முடிப்பதற்குள் முதல் பெட்டியில் உருண்டை கரைந்துவிடும். ஆகவே அவர் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தார். வருகிற வழியில் வண்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். யாரும் பாடம் சொல்லித் தரவில்லை. பதினோராவது சுற்றில், இரண்டு வண்டுகள் தப்பான பெட்டியில் இருக்கின்றன என்று சொன்னார். பட்டம் பெற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு பார்த்தார்கள். பிறகு பேசாமல் எடுத்து மாற்றிவைத்தார்கள்.

வண்டுகளில் இப்படி என்றால், மனிதர்களில் அவருக்கு ஒருவரையும் அடையாளம் தெரியாது. ஒருமுறை மட்டாட்டு வேனில் யாரோ அவருடைய பணப்பையை அடித்துக்கொண்டு இறங்கி ஓடினான். சப்லோன் காவல் நிலையத்துக்குப் போனார்.

“ஆள் எப்படி இருந்தான்? சொல்லுங்க பெரியவரே,” என்றார் எழுத்தர்.

“நீளம் சுமார் நூத்தி எழுபது சென்டிமீட்டர். நிறம் கரும்பழுப்பு. மேற்பக்கம் வழவழப்பு, லேசான மினுமினுப்பு. பின்தொடை நல்ல பருமன், தாவுறதுக்கு ஏத்தது.”

“மூஞ்சி?”

“மேலேருந்து பார்த்ததால தெரியல.”

“ஆம்பளையா, பொம்பளையா?”

சப்லோன் யோசித்தார். “ஆம்பளையாத்தான் இருக்கணும். ஆனா அறுத்துப் பார்க்கல.”

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இப்பேர்ப்பட்டவருக்குப் புது இனம் கிடைத்தது ஒரு சாவு வீட்டில். தைத்தா மலையில் அவருடைய சித்தப்பாவை அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் தலை குனிந்து ஜெபம் செய்ய, சப்லோனும் தலை குனிந்தார். குனிந்த இடத்தில் மலர்வளையம். மலர்வளையத்தில் ஓர் இலை. இலையில் ஒரு வண்டு. இலை தின்னும் வகை. தலை சிவப்பு, முதுகு நீலப்பச்சை, நீளம் நாலேகால் மில்லிமீட்டர். ‘ஆமென்’ சொல்வதற்குள் அது புட்டிக்குள் போய்விட்டது. இடம், தேதி, உயரம் மூன்றும் எழுதாத வண்டு இந்த உலகத்தில் குப்பைக்குச் சமம். ஆகவே மண் தள்ளிக்கொண்டிருக்கும்போதே போதகரின் காதருகே போய்க் கேட்டார்.

“போதகரே, இந்தக் குழி கடல் மட்டத்துக்கு எவ்வளவு உயரம்?”

போதகர் அவர் கையை ஆறுதலாகப் பிடித்துக்கொண்டார். “கவலைப்படாதீங்க. இதைவிட ரொம்ப உயரத்துக்குத்தான் போயிருக்காரு.”

சித்தப்பா போன உயரத்தை எழுத முடியாது. சப்லோன் மறுபடி போய் அளந்துகொண்டு வந்தார். அதன் பிறகு பதினாறு மாதம், ஆப்பிரிக்காவில் இதுவரை எழுதப்பட்ட சொந்தக்கார வண்டுகள் ஒவ்வொன்றோடும் அதை ஒப்பிட்டார். காலைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றைத் திருப்பிப் பார்த்தார். உணர்கொம்பின் கணுக்களை எண்ணினார்: பதினொன்று. இந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் பதினொன்றுதான் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் எண்ணினார். தெரிந்ததை எண்ணாமல் எழுதுகிறவன் இந்த இனத்தைச் சேர்ந்தவனே அல்ல. கடைசியில், இந்தத் தொழிலில் அசைக்க முடியாத சாட்சியான ஆண் உறுப்பை முடியளவு கொக்கியால் வெளியே எடுத்து, அதன் வளைவை ஒரு முழுத் தாளில் பெரிதாக வரைந்தார். சாப்பாட்டு மேசையில் கிடந்த அந்தப் படத்தைக் குழாய்த் திருகு என்று நினைத்து மைத்துனன் ம்வாகியோ எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்தான்.

சந்தேகமே இல்லை. புது இனம்.

இனிமேல்தான் விஷயமே. வண்டு கிடைத்தாயிற்று, பெயர்?

சப்லோனுக்கு ஓர் ஆசை இருந்தது. ஆசை என்று சொல்வது குறைவு. டிசம்பரில் ஓய்வு பெறப்போகிறவருக்கு அது ஓர் அவசரம். முன்பொரு தடவை அந்த அருங்காட்சியகத்துக்கு ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் வந்தார். எட்டு நாள் இருந்தார். அதில் ஐந்து நாள் வயிற்றுப்போக்கு. மீதி மூன்று நாளும் சப்லோன் தூக்கிவந்து கொடுத்த பெட்டிகளைத் திறந்து பார்த்து, ‘அருமை’ என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். இன்று அவர் பெயரில் மூன்று வண்டும் ஓர் அந்துப்பூச்சியும் இருக்கின்றன. சப்லோன் பெயர் எங்கே இருக்கிறது? கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், ‘பெட்டிகளை எடுத்துக் கொடுத்து உதவியவர்’ என்ற இடத்தில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வாகன ஓட்டுநர் பெயரும் இருக்கும்.

ம்வாகியோ இதைக் கிளறாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போனதில்லை. அவன் மட்டாட்டு ஓட்டுகிறவன்.

“மச்சான், என் வண்டியில ரெண்டு பக்கமும் மூணடி எழுத்துல என் பேரு இருக்கு. ராத்திரியில பச்சை விளக்கு எரியும். உங்க பேரு எங்க மச்சான் இருக்கு?”

“பொறு. வரும்.”

“எதுல?”

“ஒரு வண்டுல.”

“எத்தனை சீட்டு?”

ஒரு வண்டின் பெயரில் தன் பெயர் சேர வேண்டும். அவ்வளவுதான் ஆசை. சேர்ந்துவிட்டால், அந்த வண்டு இருக்கிற வரைக்கும், அது அழிந்தாலும் புத்தகம் இருக்கிற வரைக்கும், அந்தப் பெயர் இருக்கும். ஆனால் எழுதுகிறவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளக்கூடாது. விதிப் புத்தகத்தில் தடையொன்றும் இல்லை. வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டால் அந்த ஏழு பேரும் சாகும்வரை சிரிப்பார்கள். தன் பிறந்தநாளுக்குத் தானே வாழ்த்துப் பாடிக்கொண்டு தானே கை தட்டிக்கொள்பவனைப் பார்த்து நாம் சிரிக்க மாட்டோமா? எழுதியவர் என்ற முறையில் இனப்பெயருக்குப் பின்னால் அவர் பெயரும் தொற்றிக்கொண்டு நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் வீட்டுக்குள் இருப்பதும் வாசல்படியில் நிற்பதும் ஒன்றா? இன்னொருவர் கூப்பிட்டு உள்ளே உட்கார வைக்க வேண்டும்.

அந்த இன்னொருவர் அருஷாவில் இருந்தார். ஹதீபு சிங்கானோ. காப்பி நாற்றுப் பண்ணையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். காப்பி இலையில் ஓட்டை போடுவது யார் என்று பார்க்கத் தொடங்கி, தானாகவே படித்து, எல்லைக்கு அந்தப் பக்கத்தில் அதே நோய்க்கு ஆளானவர். பதினெட்டு ஆண்டுகளாகக் கடிதமும் வண்டும் போய்வந்துகொண்டிருந்தன, ஒருவரையொருவர் பார்த்ததில்லை. மரியாதையில் ஹதீபு பெரிய ஆள். தொலைபேசியில் அவர் நலம் விசாரித்து முடிக்கும்போது பாதி நாள் போய்விடும். சப்லோன் அவரைக் கூப்பிட்டார்.

“சிங்கானோ ஐயா, எங்கிட்ட ஒண்ணு இருக்கு. புதுசுன்னு தோணுது. உங்க பேரை வைக்கலாம்னு ஒரு நெனப்பு.”

“ஐயையோ, எனக்கெதுக்குங்க! நான் யாரு? ஒரு காப்பிக் குமாஸ்தா. வேண்டவே வேண்டாம்.” கொஞ்சம் இடைவெளி. “எந்த மாசம் வரும்?”

“ஜூன்ல.”

“இதுல பாருங்க ஐயா, ஒரு ஆச்சரியம். எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. உசம்பரா காட்டுல பிடிச்சது. அதுக்கு உங்க பேரு வைக்கணும்னு நானும்...”

“சேச்சே! எனக்கெதுக்கு!”

இருபது நிமிடம் இரண்டு பேரும் மறுத்தார்கள். பிறகு இரண்டு பேரும், மற்றவர் மனம் நோகக்கூடாதே என்பதற்காக, ஒப்புக்கொண்டார்கள்.

அச்சுக்கு அனுப்புவதற்கு முன் ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்ப்பது வழக்கம். ஹதீபுவின் கட்டுரை வந்தது. சப்லோன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தலை சிவப்பு என்று எழுதியிருந்தது. சரி, எத்தனையோ வண்டுக்குத் தலை சிவப்பு. முதுகு நீலப்பச்சை. சரி. பின்தொடையில் ஒரு சின்னப் பள்ளம். சப்லோன் நிறுத்தினார். தன் வண்டின் பின்தொடையில் அந்தப் பள்ளத்தை அவர் பதினொரு தடவை வரைந்திருக்கிறார். பக்கத்தைப் புரட்டினார். குழாய்த் திருகு. அதே வளைவு, அதே நுனி, நுனியில் அதே சின்ன மூக்கு.

தைத்தா மலையும் உசம்பரா மலையும் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக எதிரெதிரே இருக்கின்றன. வண்டு கடவுச்சீட்டு வாங்கிக்கொண்டா பறக்கும்?

இரண்டும் ஒரே வண்டு.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வண்டுக்கு ஒரு பெயர்தான் நிற்கும். முதலில் அச்சேறிய பெயர் வாழும். பிந்தி வந்த பெயர் செத்துப்போய், பட்டியலில் பொடி எழுத்தில் புதைக்கப்படும். சப்லோன் முதலில் அச்சேற்றினால் வண்டுக்கு சிங்கானோவின் பெயர் நிலைக்கும். சிங்கானோ முதலில் அச்சேற்றினால் சப்லோனின் பெயர் நிலைக்கும். உலகத்தில் எந்தப் பந்தயத்திலும் முந்தினவன் ஜெயிப்பான். இந்தப் பந்தயத்தில் பிந்தினவனுக்குத்தான் மாலை.

அதே நேரத்தில் அருஷாவில் ஹதீபுவும் சப்லோனின் கட்டுரையைப் படித்து முடித்திருந்தார். இரண்டு பேரில் ஒருவராவது ‘ரெண்டும் ஒண்ணு போலிருக்கே’ என்று வாய் திறந்தாரா? மறுநாள் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள்.

“ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க ஐயா,” என்றார் சப்லோன். “ஒரு குறையும் இல்ல. இன்னைக்கே அனுப்பிடுங்க.”

“உங்களுது அதைவிட அழகு. நீங்க அனுப்பின பிறகுதான் நான்.”

“வயசுல பெரியவர் நீங்க. முதல்ல நீங்கதான்.”

“வயசு கெடக்குது. வேலையில பெரியவர் நீங்க. நான் முந்தினா ஊர் சிரிக்கும்.”

“ஊர்னு யாரு ஐயா, ஏழு பேரு.”

“அந்த ஏழு பேரும் சிரிக்கக்கூடாது பாருங்க. நீங்க முதல்ல.”

ஜூன் போயிற்று. ஜூலையில் ஹதீபு, மழை இருட்டில் படத்தைத் திருத்த முடியவில்லை என்றார். சப்லோன் உடனே ஒரு நல்ல மேசை விளக்கு வாங்கி அருஷா பேருந்தில் அனுப்பினார். ஆகஸ்டில் சப்லோன், களைப்பாக இருக்கிறது, உட்கார்ந்து எழுத முடியவில்லை என்றார். அருஷாவிலிருந்து இரண்டு கிலோ காப்பித்தூள் வந்தது. செப்டம்பரில் சப்லோன் தன் வண்டின் முழங்கால் ரோமங்களை எண்ணத் தொடங்கினார். ஹதீபு, லத்தீன் இலக்கணத்தை முதல் பாடத்திலிருந்து மறுபடி படிக்கப்போவதாக அறிவித்தார். பட்டாம்பூச்சிக்காரர்கள், எறும்புக்காரர்கள் எல்லாரும் இவர்கள் இருவரின் பொறுமையைப் புகழ்ந்தார்கள். எப்பேர்ப்பட்ட நிதானம்! இளைஞர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்!

அக்டோபர் கடைசியில் சப்லோனின் மனைவி வவூடா குளிர்பெட்டியைத் திறந்து, பாலுக்குப் பக்கத்தில் இருந்த வண்டுப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“டிசம்பர்ல நீங்க வேலையை விட்டு வந்துடுவீங்க. இது என்னைக்கு என் வீட்டை விட்டுப் போகும்?”

சப்லோன் விஷயத்தைச் சொன்னார். யாரிடமும் சொல்லாததை ஐந்து மாதம் அடக்கி வைத்திருந்ததால் ஆதியோடந்தமாகச் சொன்னார். வவூடா முதலில் புரியாமல் கேட்டாள். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ரெண்டு கிழங்களும் வாசல்ல நின்னுக்கிட்டு நீங்க முதல்ல, நீங்க முதல்லன்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்களா? உள்ள உகாலிக் களி ஆறிக் கல்லாப் போச்சே!”

“சிரிக்காத வவூடா. இருபத்தொன்பது வருஷம். இது ஒண்ணுதான்.”

அவள் சிரிப்பு நின்றது. அவர் முகத்தைப் பார்த்தாள். வண்டைப் பார்த்தாள்.

“ரெண்டும் ஒண்ணுதான்னு எப்படித் தெரியும்? படத்துல பார்த்தா? எங்குழம்புக்கு உப்புச் சொல்லணும்னாக்கூடப் போன வாரக் குழம்பைப் பக்கத்துல வைக்கச் சொல்ற ஆளு நீங்க! ரெண்டு பூச்சியையும் பக்கத்துல வச்சுப் பார்த்தீங்களா?”

சப்லோன் எழுந்து நின்றார். பார்க்கவில்லை! பக்கத்தில் வைத்துப் பார்த்து, நடுவில் ஒரு வித்தியாசம், ஒரு முடியளவு வித்தியாசம் இருந்துவிட்டால் இரண்டும் இரண்டு இனம். இரண்டு இனம் என்றால் இரண்டு பெயர். இரண்டு பெயரும் வாழும். அன்றைக்கே ஹதீபுவைக் கூப்பிட்டார். ஹதீபு நலம் விசாரிக்காமலேயே ‘எங்கே, என்றைக்கு?’ என்று கேட்டார். அவரும் எந்த நிலையில் இருந்தார் என்பது இதிலிருந்தே தெரியும்.

நைரோபிக்கும் அருஷாவுக்கும் நடுவில் எல்லை ஊரான நமங்கா. லாரிகள், மணிமாலை விற்கும் மாசாய்ப் பெண்கள், புழுதி. அங்கே ஆட்டிறைச்சி சுடும் ஒரு கடையில் சந்திப்பதாக ஏற்பாடு. ஹதீபு தன் வண்டுப் பெட்டியை மடியில் வைத்து, குழந்தையைப் போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, குண்டும் குழியுமான சாலையில் வந்து இறங்கினார். சோதனைச் சாவடி அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்தார்.

“இது என்ன?”

“ஒரு வண்டு.”

“உயிரோட இருக்கா?”

“செத்துப் போச்சு.”

“எப்ப?”

“போன வருஷம்.”

“அடக்கம் பண்ண இவ்வளவு தூரமா?” என்று கேட்டுவிட்டு அவர் முத்திரை குத்தினார்.

பதினெட்டு ஆண்டு நண்பர்கள் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டார்கள். சப்லோன் நினைத்து வைத்திருந்தவர் குள்ளமான, பருத்த மனிதர். வந்தவர் தொப்பி வாசல் நிலையில் இடிக்கக் குனிந்து நுழைந்த ஒட்டடைக் குச்சி. அரைக் கிலோ இறைச்சிக்குச் சொன்னார்கள். மேசையைத் துடைத்தார்கள், மறுபடி துடைத்தார்கள். இரண்டு பெட்டிகளும் திறந்தன. இரண்டு வண்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. இரண்டு பேரும் ஆளுக்கொரு உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக் குனிந்தார்கள்.

அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி என்ன சொல்ல? இரண்டு வண்டுகளுக்கு நடுவே ஒரு வித்தியாசம் இருந்துவிடாதா என்று இரண்டு மனிதர்கள் இவ்வளவு அன்போடு உலகத்தில் எங்கும் தேடியிருக்க மாட்டார்கள். தலை: ஒன்று. கழுத்து: ஒன்று. முதுகுப் புள்ளி வரிசை: ஒன்று. பின்தொடைப் பள்ளம்: இரண்டிலும், கடவுளே, ஒன்று. இறைச்சி வந்து ஆறிப்போயிற்று. ஈக்கள் சாப்பிட்டன.

“ஐயா,” என்றார் ஹதீபு. “உணர்கொம்பு.”

“என்ன?”

“உங்களுதுல பதினொரு கணு. என்னுதுல எண்ணிப் பாருங்க.”

சப்லோன் எண்ணினார். வலது உணர்கொம்பு வருகிற வழியில் எங்கோ ஒடிந்து போயிருந்தது. இடது பக்கத்தில் எண்ணினார். பத்து. மறுபடி எண்ணினார். பத்து!

“பத்து கணு!” என்றார் ஹதீபு. “ஐயா, இது வேற இனம் மட்டுமில்ல. இந்தக் குடும்பத்துல பத்து கணு எங்க இருக்கு? இது வேற பேரினமாக்கூட இருக்கலாம்! உங்க பேருல ஒரு பேரினமே வைக்கலாம்!”

சப்லோன் உருப்பெருக்கியை இறக்கினார். “ஆனா உங்க படத்துல பதினொண்ணு போட்டிருந்தீங்களே?”

“அது... பழக்கத்துல போட்டிருப்பேன். எல்லாத்துக்கும் பதினொண்ணுதானேன்னு.”

ஹதீபு சிங்கானோ பார்க்காததை வரைகிறவர் அல்ல. பதினெட்டு ஆண்டுகளில் ஒரு முள்ளைக்கூடக் கூட்டிப் போட்டதில்லை. இது சப்லோனுக்குத் தெரியும். சப்லோனுக்குத் தெரியும் என்பது ஹதீபுவுக்கும் தெரியும். இருவரும் மறுபடி குனிந்தார்கள்.

அப்போதுதான் சப்லோன் அதைப் பார்த்தார். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளில், ஊசிக்கு அருகே, ஒரு கறுப்புத் துணுக்கு. நாலரை மில்லிமீட்டர் உடம்பிலிருந்து உதிர்ந்த கால் மில்லிமீட்டர். பதினோராவது கணு.

எதிரே ஹதீபுவின் மூச்சு நின்றிருந்தது. அவரும் பார்த்துவிட்டார்.

கடைப் பையன் அடுப்பை விசிறிக்கொண்டிருந்தான். அந்தக் காற்று கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பினால் போதும். ஒரு தும்மல் போதும். அவ்வளவு ஏன், ஒரு பெருமூச்சு போதும். துணுக்கு நமங்காப் புழுதியில் கலந்துவிடும். இரண்டு இனம், இரண்டு பெயர், இரண்டு பேருக்கும் நித்திய வாழ்வு.

“வயசாயிடுச்சு ஐயா,” என்றார் ஹதீபு மெதுவாக. “எனக்குக் கண்ணு அவ்வளவா தெரியறதில்ல.”

“எனக்கும் தெரியறதில்ல,” என்றார் சப்லோன்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கை பையிலிருந்து தூரிகையை எடுத்துவிட்டது. மனம் டிசம்பரை நினைத்துக்கொண்டிருந்தது. ம்வாகியோவின் மூன்றடி எழுத்தை, அந்த வெளிநாட்டுக்காரரின் மூன்று வண்டுகளை நினைத்துக்கொண்டிருந்தது. கை எதையும் நினைக்கவில்லை. ஒடிந்த காலையும் உதிர்ந்த கொம்பையும் இருபத்தொன்பது ஆண்டு ஒட்டிய கை அது. தூரிகை நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கியது, துணுக்கை ஒற்றி எடுத்தது, துளிப் பசை தடவியது, பத்தாவது கணுவின் நுனியில் நேராக, கோணாமல், பொருத்தமாக வைத்தது. வைத்து முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று மனதுக்குத் தெரிந்தது.

இருவரும் மறுபடி எண்ணினார்கள்.

“பதினொண்ணு,” என்றார் ஹதீபு.

“பதினொண்ணு,” என்றார் சப்லோன்.

“அட பாவி மனுஷா! ஒரு தும்மல் தும்மியிருக்கக்கூடாதா?”

“நீங்க தும்மியிருக்கலாமே?”

“நான் எப்படித் தும்முவேன்? முதல்ல நீங்கதானே!”

பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பெட்டிகளை அவசரமாக மூட வேண்டியிருந்தது. காற்று பட்டுவிடும் அல்லவா?

ஒரே வண்டு என்று ஆகிவிட்டது. இனி இரண்டு பேரும் சேர்ந்து ஒரே கட்டுரையாக எழுதுவதுதான் வழி. சேர்ந்து எழுதினால் இருவரில் யார் பெயரையும் வைக்க முடியாது. ஏழு பேர் சிரிப்பார்கள். மனைவி பெயர்? மனைவிகள் இரண்டு, வண்டு ஒன்று. அந்தப் பேச்சை உடனே விட்டார்கள். தைத்தா என்று வைத்தால் உசம்பராவுக்குக் கோபம், உசம்பரா என்றால் தைத்தாவுக்குக் கோபம். கடைசியில், இரண்டும் ஒன்று என்று தெரிந்துகொண்ட இடத்தின் பெயரையே வைத்தார்கள். நமங்கென்சிஸ். ‘நமங்காவில் இருப்பது’ என்று அர்த்தம். அந்த வண்டு நமங்காவில் இருந்ததில்லை. நமங்கா வறண்ட புழுதிக்காடு, அங்கே அதற்கு உட்கார ஓர் இலை கிடையாது. செத்தபிறகு ஒரே ஒரு தடவை, ஒரு மத்தியான நேரம், பெட்டிக்குள் இருந்தபடி வந்துபோனது. ஆனால் அச்சேறிய பெயர் அச்சேறியதுதான். மாற்ற முடியாது.

டிசம்பரில், பிரிவு உபசாரத்துக்கு முந்தின நாள் இதழ் வந்தது. வவூடா எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“நமங்கென்சிஸ்... ம்வாடிமே, சிங்கானோ. உங்க பேரு இருக்கே!”

“அது எழுதினவங்க பேரு.”

“வண்டு பேருக்குப் பக்கத்துலதானே இருக்கு?”

“பின்னால இருக்கு. உள்ள இல்ல.”

வவூடா இதழைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள். “எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல.”

“உனக்குத் தெரியாது,” என்றார் சப்லோன். ஆனால் இதழை அவளிடமிருந்து திருப்பி வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ம்வாகியோ வந்தபோது அது தற்செயலாக மேசைமேல், அந்தப் பக்கம் திறந்தபடி கிடந்தது.

இன்றைக்கும் ஆண்டுக்கு ஓரிருவராவது வலையும் புட்டியுமாக நமங்காவில் வந்து இறங்கி, முட்செடி முட்செடியாகத் தட்டி, அந்த வண்டைத் தேடுகிறார்கள். கிடைக்கவில்லை. ‘மிக அரிது’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். இறைச்சிக் கடைக்காரனுக்கு நல்ல வியாபாரம்.

வாசகர்களே, இதெல்லாம் யாரோ நைரோபிக்காரரின் பைத்தியம் என்று நிம்மதியாக மூடி வைத்துவிடாதீர்கள். வண்டின் நீளத்தை ஓரிடத்தில் நாலேகால் மில்லிமீட்டர் என்றும் இன்னோரிடத்தில் நாலரை என்றும் எழுதியிருக்கிறது. கவனிக்காமல் வந்தவர்கள் நலமாக இருக்கிறார்கள், அவர்கள் போகலாம். கவனித்துவிட்டு, எது சரி என்ற கவலையோடு கடைசிவரை படித்தவர்களும், இப்போது விரலை இங்கே வைத்துக்கொண்டு மேலே தேடிப் போகிறவர்களும் கொஞ்சம் நில்லுங்கள். சட்டைக் காலரின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஊசி இன்னும் வரவில்லை என்றால் சீக்கிரம் வந்துவிடும். உங்கள் பெயரை வைக்க நல்ல நண்பர் ஒருவரை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். அவர் கையில் இருக்கும் வண்டை மட்டும் பார்த்துவிடாதீர்கள்.